காட்டு நாரில் கயிறு: எந்தச் செடி பலம், எப்படி அளந்து பார்ப்பது?

உப்புவெளியான்:

எல்லாருக்கும் வணக்கம். பாடசாலைச் சாரணர் பிள்ளைகளோடு வேலை செய்கிறேன். முடிச்சுப் பழகுவதற்கு இந்த முறை கடையில் நைலோன் கயிறு வாங்கப்போவதில்லை. சுற்றுவட்டாரத்தில் முளைக்கிற செடிகளில் பிள்ளைகளே நார் எடுத்து, திரித்து, எது எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்க்கட்டும் என்பது யோசனை. எங்கள் திருகோணமலையில், கன்னியாப் பக்கம் வேலியோரமெல்லாம் மருள் (வாள்போல நீண்ட இலைகள் உள்ள, கற்றாழை மாதிரியான செடி) கிடக்கிறது. இங்கே கடற்கரையில் பூவரசு, தாழை, அடம்பன் இருக்கின்றன. ரோட்டோரத்தில் எருக்கலை. கொட்டியாரக்குடாப் பக்கம் போனால் நீர்ப்பருத்தியும் கிடைக்கும்.

இப்போதைக்கு மருளிலும் பூவரசம்பட்டையிலும் திரித்திருக்கிறோம். கையால் இழுத்தால் இரண்டுமே அறுவதில்லை. ஒரு பெரியவர் எருக்கலை நார்தான் எல்லாவற்றிலும் பலம் என்று அடித்துச் சொல்கிறார். இன்னொருவர் தென்னந்தும்பை விட்டால் வேறொன்றும் கயிறே இல்லை என்கிறார். வாளியில் தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பார்த்தோம். ஒரே நாரில் திரித்த கயிறே ஒருமுறை ஒருமாதிரி, மறுமுறை வேறுமாதிரி அறுகிறது. இதை ஒழுங்காக அளக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நார் எடுக்கிற முறை தெரிந்தவர்களும் சொல்லுங்கள்.

தம்பலகாமத்தாள்:

தம்பி, மருளைப் பற்றி நான் சொல்லுறன். எங்கட அம்மம்மா உறி கட்டினதும் கன்றுக்குட்டி கட்டினதும் மருள் கயிறுதான்.

முத்தின வெளி இலையை மட்டும் அடியோட அறுக்கோணும். நடுக்குருத்தில கை வைக்கக்கூடாது. குருத்து நிண்டால்தான் அடுத்த மழைக்குப் பற்றை திரும்ப அடர்ந்து வரும். ஒரு பலகையைச் சரிவா வைச்சு, இலையின்ர ஒரு நுனியைக் காலால மிதிச்சுக்கொண்டு, கத்தியின்ர முதுகால மற்ற நுனி வரைக்கும் வழிக்கோணும். கூரான பக்கத்தால வழிச்சால் நார் அறுந்துபோகும். முதல் வழிப்பில பச்சைத்தோல் கிழியும். ரெண்டாம் மூண்டாம் வழிப்பில சதை நுரைச்சுக்கொண்டு கீழ வழியும். அதுக்குப் பிறகுதான் நார் வெள்ளையாத் தெரியத் தொடங்கும். இலையைப் பிரட்டி மிதிச்ச பக்கத்தையும் அப்பிடியே வழிச்செடுக்கோணும்.

பிறகு அலசல். தண்ணியில நுரை நிக்கிறமட்டும் அலசோணும். இதிலதான் கனபேர் அவசரப்படுறது. சதை கொஞ்சம் மிஞ்சினாலும் காய்ஞ்சாப்போல நார் விறைச்சு, பழுப்பா மாறும். மழைக்காலத்தில அந்த இடத்திலதான் பூஞ்சணம் பிடிக்கும். காயப்போடுறது நிழலில. கச்சான் காத்து அடிக்கிற மாதங்களில ஒரு பின்னேரத்திலயே காய்ஞ்சிடும். மாரியில செய்ய வெளிக்கிடாதீங்க.

மருளை ஊறப்போட்டும் நார் எடுக்கலாம். ஆனால் மணக்கும், நிறமும் மங்கும். வழிக்கிறதுதான் எனக்குப் பிடிக்கும்.

கிண்ணியாக் கடலோடி:

தும்புக் கயிறு பற்றி அந்தப் பெரியவர் சொன்னதில உண்மை இருக்கு. எங்கட வாப்பா காலத்தில கரைவலைக்கு இழுக்கிற கயிறு முழுக்கத் தும்புதான். இப்ப எல்லாம் நைலோன். தும்பு உப்புத் தண்ணியில கிடந்தாலும் லேசில உக்காது. தண்ணியில மிதக்கும். வலை இழுக்கிற ஆளுக்கு இது ரெண்டும் பெரிய விசயம். மருள் கயிறு கையில பார்த்தா அழகு, பலமும் இருக்கு. ஆனா நாள்கணக்கா நனைஞ்சு கிடந்தா நான் அதை நம்ப மாட்டன்.

இன்னொன்று. தோணி கட்டுற கயிறு அலைக்கு அலை வெட்டி இழுபடும். தும்பு அந்த இழுப்புக்கு நீண்டு குடுக்கும். விறைப்பான கயிறு நீளாது, பட்டென்று போயிரும்.

தராசுத்தட்டு:

பௌதிகவியல் படிப்பிக்கிற ஆள் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உப்புவெளியான் சொன்ன குழப்பத்துக்கு மூன்று காரணம் இருக்கலாம். முதலாவது முடிச்சு. வாளிப்பிடியில் கயிற்றை முடிந்து தூக்கினால் அநேகமாக முடிச்சடியில்தான் அறும். முடிச்சுக்குள் கயிறு கூர்மையாக வளைகிறது. வளைவின் வெளிப்பக்கத்து நார்கள் முழுப்பாரத்தையும் வாங்க, உள்பக்கத்து நார்கள் சும்மா இருக்கின்றன. சாதாரண ஒற்றை முடிச்சு ஒன்று கயிற்றின் பலத்தில் பாதியளவைத் தின்றுவிடும். அப்போது நீங்கள் அளந்தது முடிச்சின் பலம். கயிற்றின் பலம் உங்களுக்குக் கிடைக்கவே இல்லை.

இதற்கு வழி, முடியாமல் சுற்றுவது. மேலே ஒரு வழுவழுப்பான பைப்பைக் கிடையாகக் கட்டி, அதில் கயிற்றை மூன்று நான்கு சுற்றுச் சுற்றி, மிஞ்சின நுனியைத்தான் முடிய வேண்டும். கீழேயும் அப்படியே ஒரு பைப் துண்டு. அதில் பாரம் தொங்கும். உராய்வுக் குணகம் (கயிறும் பைப்பும் ஒன்றையொன்று எவ்வளவு பிடிக்கின்றன என்பதைக் காட்டுகிற எண்) 0.3 என்று வைத்துக்கொண்டால் மூன்று சுற்றுக்குப் பிறகு நுனி முடிச்சுக்குப் போய்ச் சேருகிற இழுவை மொத்தத்தில் ஏறத்தாழ 280 இல் ஒரு பங்குதான். கயிறு நடுவில் அறுந்தால் அந்த அளவீட்டை எழுதுங்கள். பைப்பைத் தொடுகிற இடத்தில் அறுந்தால் அதைத் தள்ளிவிடுங்கள்.

இரண்டாவது பருமன். கயிற்றின் விட்டம் இரண்டு மடங்கானால் குறுக்குவெட்டுப் பரப்பு நான்கு மடங்காகும். கண்ணுக்குக் 'கொஞ்சம் மொத்தம்' என்று தெரிகிற கயிற்றில் நார் இரட்டிப்பாக இருக்கலாம். கையால் திரித்த கயிற்றின் விட்டத்தைச் சரியாக அளக்கவும் முடியாது, அமுக்கினால் அமுங்கும். ஆகவே விட்டத்தை விட்டுவிட்டு நிறையை எடுங்கள். ஒரு மீற்றர் கயிற்றை வெட்டி, நகைக்கடைக்காரர் பாவிக்கிற மாதிரியான சின்ன இலத்திரனியல் தராசில் நிறுங்கள். அறுந்த பாரத்தை அந்த ஒரு மீற்றர் நிறையால் பிரியுங்கள்.

கணக்குக்காக எண்களை நானே வைத்துக்காட்டுகிறேன். ஒரு மருள் கயிறு மீற்றருக்கு 2 கிராம், 36 கிலோவில் அறுகிறது. ஒரு தும்புக் கயிறு மீற்றருக்கு 5 கிராம், 40 கிலோவில் அறுகிறது. சும்மா பார்த்தால் தும்பு வென்றது. கிலோவைக் கிராமாக்கிப் பிரித்துப் பார்த்தால் மருளுக்கு 18,000 மீற்றர், தும்புக்கு 8,000 மீற்றர். தன் நிறையாலேயே அறுந்துபோக அந்தக் கயிறு எவ்வளவு நீளத்துக்குத் தொங்கவேண்டும் என்பதுதான் இந்த எண். மெல்லிசும் மொத்தமும் இதில் ஒரே தட்டில் வந்துவிடும்.

மூன்றாவது காரணம் நீளம். ஒரு கயிறு அதன் பலவீனமான ஓரிடத்தில்தான் அறும். நீளம் கூடக்கூட அப்படியொரு மோசமான இடம் அகப்படுகிற வாய்ப்பும் கூடும். அரை மீற்றர்த் துண்டு காட்டுகிற பலத்தைப் பத்து மீற்றர்க் கயிறு காட்டாது. ஒப்பிடுகிற துண்டுகள் எல்லாம் ஒரே நீளமாக இருக்கவேண்டும். ஒரே கயிற்றில் பல துண்டுகளைச் சோதித்து, சராசரியோடு மிகக்குறைந்த எண்ணையும் எழுதுங்கள். பாவிக்கிறவனுக்கு வேண்டியது அந்தக் குறைந்த எண்தான்.

கொட்டியாரம்:

எருக்கலை பற்றி அந்தப் பெரியவர் வெறுமனே சொல்லவில்லை. ரொபேட் வைற் என்ற தாவரவியலாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியாவில் நார்க்கயிறுகளைப் பாரம் கட்டிச் சோதித்திருக்கிறார். அந்த எண்களை ஃபோர்ப்ஸ் ரொயில் 1855 இல் அச்சிட்ட நார்ச்செடிகள் பற்றிய நூலில் சேர்த்திருக்கிறார். எருக்கலை 552 இறாத்தல் தாங்கியது. வயலுக்குப் பசளையாக விதைக்கிற சணப்பு 407. ஆனைக்கற்றாழை 362, பருத்தி 346, மருள் 316. தென்னந்தும்பு 224 இறாத்தல். கிலோவில் சொன்னால் எருக்கலை ஏறத்தாழ 250, மருள் 143, தும்பு 102.

அதாவது எருக்கலை தும்பின் இரண்டு மடங்குக்கும் மேல். வில்லுக்கு நாண் கட்டவும் தூண்டில் நூல் திரிக்கவும் அந்தக் காலத்தில் எருக்கலை நாரைத் தேடியதில் நியாயம் இருக்கிறது.

தராசுத்தட்டு:

அருமையான எண்கள், கொட்டியாரம். ஒரே ஆள், ஒரே முறையில் செய்த சோதனை என்பதால் வரிசையை நம்பலாம். ஆனால் 552 என்ற எண்ணை எடுத்து நம் பிள்ளைகள் திரித்த கயிற்றோடு பொருத்தக்கூடாது. அவருடைய கயிற்றின் பருமன் வேறு, நம்முடையது வேறு.

கிண்ணியாக் கடலோடி சொன்னதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். தும்பு வரிசையில் கடைசி. ஆனாலும் இந்தச் சமுத்திரக் கரையெல்லாம் தோணி கட்டியது அதுதான். காரணம், தும்பு நார் அறுவதற்கு முன் தன் நீளத்தில் கால்பங்கு வரைக்கும் நீளக்கூடியது. மருள், கற்றாழை மாதிரியான இலை நார்கள் நூற்றுக்குச் சில பங்குதான் நீளும். மெல்ல ஏற்றுகிற பாரத்துக்கு இலை நார் வெல்லும். வெட்டி இழுக்கிற அலைக்குத் தும்பு அந்த அடியை நீண்டு வாங்கிக்கொள்ளும். தும்பில் லிக்னின் (மரத்துக்கு விறைப்புக் கொடுக்கிற பொருள்) அதிகம் என்பதால் அழுகலும் பிந்தி வருகிறது. வாளி தொங்கவிட்டுச் செய்கிற சோதனையில் இது ஒன்றுமே தெரியவராது. அதனால்தான் 'எது பலம்' என்று மட்டும் கேட்டால் பிழையான கயிற்றைக் கையில் எடுப்போம். எந்த வேலைக்கு என்பதையும் சேர்த்துக் கேட்கவேண்டும். பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்லிக்கொடுங்கள், தயவுசெய்து.

தம்பலகாமத்தாள்:

எருக்கலையில பிள்ளையளை விடமுதல் ஒண்டு கேளுங்க தம்பி. அந்தப் பால் கண்ணில பட்டால் உடன எரிவு பெரிசா இல்லாட்டியும் பார்வை மங்கிப்போகும். எங்கட ஊரில ஒரு பெடியன் கண் வீங்கி ஆஸ்பத்திரியில கிடந்தவன். பச்சைத்தடியை உரிக்கவே கூடாது. நேரா வளந்த தடியளை வெட்டி, வெயிலில ஒண்டு ரெண்டு நாள் போட்டுப் பால் வத்தவிட்டு, பிறகு கட்டையால தட்டி உரிச்சால் பட்டைக்குள்ள இருந்து மெல்லிய நார் பட்டுப்போல வரும். அதையும் பெரியாக்கள்தான் செய்யோணும். கையைக் கழுவாமல் கண்ணைத் தொடக்கூடாது.

உப்புவெளியான்:

நன்றி அக்கா. எருக்கலையைப் பிள்ளைகளிடம் கொடுக்கமாட்டேன். உரித்து அலசிக் காய்ந்த நாரை மட்டும் நானே கொண்டுபோகிறேன்.

திரிக்கிறதில் ஒரு சந்தேகம். சில பிள்ளைகள் இறுக்கி முறுக்குகிறார்கள், கயிறு கம்பிபோல நிற்கிறது. சிலருடையது தொளதொளவென்று இருக்கிறது. எது சரி? ஆத்தி நார் பற்றியும் யாரும் சொல்லவில்லையே.

காட்டுவழி:

ஆத்திப்பட்டை நல்ல நார். வெட்டின கையோடேயே பட்டையை உரித்து, வெளிச்செதிலைச் சுரண்டிவிட்டு, உள்நாரை அப்படியே முறுக்கி விறகு கட்டலாம். ஊறவைக்கவே தேவையில்லை. வலம்புரிக்காய்ச் செடியின் பட்டையும் அப்படித்தான். ஊறப்போட்டால் நார் இன்னும் மெல்லிசாகப் பிரியும். ஓடாத தண்ணீரில் போட்டுவிட்டு நாளுக்கொருமுறை பாருங்கள். தண்ணீரில் உள்ள நுண்ணுயிர்கள் நாரையும் நாரையும் ஒட்டியிருக்கிற பசையைத் தின்னும். பட்டை அடுக்கடுக்காக வழுக்கிக்கொண்டு கழன்றால் உடனே எடுக்கவேண்டும். விட்டுவைத்தால் பசை முடிந்து நாரையே தின்னத் தொடங்கிவிடும்.

ஒன்று கேட்கிறேன். நல்லாத் திரித்த மருள் கயிறு 80 கிலோ தாங்கினால், அதைப் பிடித்துக்கொண்டு பாறை இறங்கலாமா? கன்னியா மலைப்பக்கம் யோசித்து வைத்திருக்கிறேன்.

தராசுத்தட்டு:

இறங்கக்கூடாது. தயவுசெய்து வேண்டாம். 80 கிலோவில் அறுந்த கயிறு என்றால் 80 கிலோவைத் தாங்காத கயிறு என்றுதான் அர்த்தம். இயற்கை நாரில் அறுகிற பாரத்தின் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நான் ஏற்றமாட்டேன். அதுவும் சாமானுக்குத்தான். கால் வழுக்கி அரை மீற்றர் விழுந்து கயிறு இறுகும்போது வருகிற இழுவை உங்கள் நிறையின் பல மடங்கு. மருள் நீண்டும் கொடுக்காது. கையால் திரித்த கயிற்றில் ஆள் தொங்குவது என்ற பேச்சே இருக்கக்கூடாது.

உப்புவெளியானின் கேள்விக்கு வருகிறேன். முறுக்குக் குறைந்தால் நார்கள் ஒன்றையொன்று பிடிக்காமல் வழுக்கிக் கழன்றுவிடும். அறுந்த நுனியைப் பாருங்கள். நீள நீளமான நுனிகள் உருவிக்கொண்டு வந்திருந்தால் முறுக்குப் போதாது. முறுக்குக் கூடினால் நார்கள் கயிற்றின் நீளத்துக்குச் சரிந்து கிடக்கும். இழுவை நாரின் வழியே போகாமல் குறுக்கே போகும். அப்போது நுனி கட்டையாக, ஒரே இடத்தில் வெட்டினதுபோல அறும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. நீள நாருக்குக் குறைந்த முறுக்கே போதும். கட்டை நாருக்குக் கூட வேண்டும்.

தம்பலகாமத்தாள்:

திரிக்கிறதில நான் பிள்ளையளுக்குச் சொல்லுறது இதுதான். ரெண்டு புரியும், அதாவது சேர்த்து முறுக்கிற ரெண்டு இழையும், ஒரே மொத்தமா இருக்கோணும். ஒண்டு மெல்லிசெண்டால் அது நேராக் கிடக்க மற்றது அதைச் சுத்திக்கொண்டு போகும். பாரம் முழுக்க நேராக் கிடக்கிறதுக்குத்தான். ஒவ்வொரு புரியையும் ஒரு பக்கம் முறுக்கி, ரெண்டையும் சேர்த்து எதிர்ப்பக்கம் முறுக்கோணும். அப்பதான் விட்டாலும் அவிழாது. தொடங்கேக்க நாரைச் சரிநடுவில மடிக்காமல் ஒரு பக்கம் கட்டையா மடியுங்க. நடுவில மடிச்சால் ரெண்டு புரியும் ஒரே இடத்தில முடியும், புது நார் சேர்க்கிற ரெண்டு ஒட்டும் ஒண்டா விழும், அந்த இடத்திலதான் அறும்.

நாரைக் கொஞ்சம் ஈரமாக்கிக்கொண்டு திரிச்சால் மயிர் நிக்காமல் படிஞ்சு வரும். திரிச்சாப்பிறகு ரெண்டு மரத்துக்கிடையில இழுத்துக் கட்டி அப்பிடியே காயவிடுங்க.

கிண்ணியாக் கடலோடி:

அக்கா சொன்ன ஒட்டு விசயம் நூத்துக்கு நூறு. தும்பிலயும் அப்படித்தான்.

எனக்கு ஒரு ஆசை. 'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்று சின்ன வயசிலயிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறம். அதையும் உங்கட பைப்பில கட்டிப் பாருங்களன்.

உப்புவெளியான்:

பார்த்தோம், நானா. காற்றுக்கு மண்ணோடு பெயர்ந்து கிடந்த கொடிகளாகப் பொறுக்கினோம். நிற்கிற அடம்பனைப் பிடுங்கக்கூடாது என்று முதலே சொல்லிவிட்டேன். கரை மணலைப் பிடித்து வைத்திருப்பதே அதுதான்.

ஒற்றைக் கொடி அநேகமாக இலை முளைக்கிற கணுவில்தான் முறிகிறது. கணுவுக்குக் கணு இடைப்பட்ட தண்டு அவ்வளவு லேசில் போவதில்லை. மூன்று கொடியை வெறுமனே பக்கம் பக்கமாக வைத்துக் கட்டினால் ஒன்று முறிந்ததும் பாரம் மற்ற இரண்டில் விழுந்து அடுத்தடுத்து முறிகின்றன. அதே மூன்றையும் சேர்த்து முறுக்கினால் ஒற்றைக் கொடியின் மூன்று மடங்குக்குக் கிட்டப் போகிறது. ஒரு கொடி உள்ளே முறிந்த சத்தம் கேட்ட பிறகும் கயிறு நின்றது. பிள்ளைகள் கூச்சலிட்டுவிட்டார்கள்.

தராசுத்தட்டு:

மிக நல்ல சோதனை. முறுக்கின கயிற்றில் மற்றக் கொடிகள் பக்கத்திலிருந்து நெருக்குகின்றன. முறிந்த கொடி கணுவடியில் பாரத்தை விட்டாலும், சற்றுத் தள்ளி அந்த நெருக்குதலின் உராய்வால் திரும்பவும் பாரத்தை வாங்கத் தொடங்கும். மூன்று கொடிகளின் கணுக்களும் ஒரே இடத்தில் அமையாவிட்டால் ஒன்றின் கணுவை மற்ற இரண்டும் காப்பாற்றும். மருள் கயிற்றிலும் இதுதான் நடக்கிறது. அங்கே கொடிக்குப் பதில் நூற்றுக்கணக்கான நார். பக்கம் பக்கமாகக் கட்டினதையும் முறுக்கினதையும் பிரித்துச் சோதித்தீர்களே, அதைப் பிள்ளைகளின் கொப்பியில் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள்.

பாரம் 40 கிலோவுக்கு மேல் போனால் வாளி சரிவராது. இரண்டு மீற்றர்ப் பலகையை ஒரு முனையில் பிணைச்சலால் மரத்தோடு பொருத்துங்கள். பிணைச்சலில் இருந்து 50 சதமமீற்றரில் கயிறு மேலிருந்து பலகையைத் தாங்கட்டும். மறு முனையில் தண்ணீர்க் கானைத் தொங்கவிட்டுக் குழாயால் தண்ணீர் விடுங்கள். ஒரு லீற்றர் ஒரு கிலோ. கயிற்றுக்கு அதன் நான்கு மடங்கு போகும். பலகையின் நிறையையும் இரண்டால் பெருக்கிக் கூட்ட மறக்கவேண்டாம். கான் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மட்டும் தொங்கவேண்டும். கயிறு அறும்போது எவர் முகமும் அதன் நேரே இருக்கக்கூடாது.

காட்டுவழி:

பாறை இறங்குகிற யோசனையை விட்டுவிட்டேன், ஐயா. ஆத்தி, வலம்புரிக்காய் தேவையென்றால் ஒதுக்கக் காட்டுக்குள் கத்தியோடு போகவேண்டாம், வனத் திணைக்கள அனுமதி வேண்டும். பட்டையைச் சுற்றிவர உரித்தால் மரமும் பட்டுவிடும். எங்கள் காணியில் ஆத்தி நிற்கிறது. கிளை கழிக்கிறபோது சொல்லுகிறேன், வந்து எடுங்கள்.

தம்பலகாமத்தாள்:

மருளுக்கு எங்கட வளவுக்கு வாங்க தம்பி. அறுவடை முடிஞ்சு ரெண்டு மூண்டு கிழமை போகட்டும், கிணத்தடியில பலகை போட்டுத் தாறன். பிள்ளையளுக்கு ஆளுக்கொரு மழுங்கின கத்தியும் பழைய உடுப்பும் கொண்டுவரச் சொல்லுங்க. மருள் சாறு கறை பிடிச்சால் போகாது. சிலபேருக்கு அந்தச் சாறு கடிக்கும், அதுக்கு முதலே கையில தேங்காயெண்ணெய் பூசினால் நல்லது.